24 வரிகளில் குரூப் பை: கூறு கட்டிக் கணக்குப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூடையில் கிடக்கும்வரை ஒவ்வொரு பழமும் தனித்தனி. கூறு கட்டிய பிறகு பேச்செல்லாம் கூறைப் பற்றித்தான்: கூறு என்ன விலை, கூறுக்கு எத்தனை பழம். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் குரூப் பை செய்வதும் இதே வேலைதான். எழுதுவதற்கு இரண்டே சொல். ஆனால் இதில் தப்புச் செய்தால் பெரும்பாலும் பிழைச்செய்தி வராது. குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) ஓடும், எண் வரும், அந்த எண்ணை அறிக்கையில் போட்டு மேலதிகாரிக்கும் அனுப்பிவிடுவோம். பிறகு யாராவது கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்க்கும்போதுதான் கணக்கு உதைக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் இலக்கணத்தைவிடப் பொறிகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே டேபிளில் செய்து பார்க்கலாம். மொத்தம் 24 வரிகள்தான். சந்தேகம் வந்தால் விரல் விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம், அதுதான் சின்ன டேபிளின் வசதி.

டேபிளைத் தயார் செய்வோம்

தரவு உண்மையானது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், 1973ஆம் ஆண்டு இலையுதிர்ப் பருவ முதுநிலைச் சேர்க்கைக்கு 12,763 பேர் விண்ணப்பித்தார்கள். ஆண்களில் ஏறத்தாழ 44 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதத்தினருக்கு. இது பாரபட்சமா என்று பிக்கெல், ஹேமல், ஓ'கானல் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1975இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்த விண்ணப்பங்களில் ஆறு பெரிய துறைகளின் எண்கள் மட்டும் 'ஆர்' என்னும் புள்ளியியல் கணினி மொழியோடு மாதிரித் தரவாக வருகின்றன. துறைகளுக்குப் பெயர் கிடையாது, ஏ முதல் எஃப் வரை எழுத்துகள்தான்.

கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது அவற்றை மட்டும் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். டேபிள், நெடுவரிசைப் பெயர்கள் தமிழிலேயே இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் மூன்றும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். (போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட் எல்லை. தமிழில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக மூன்று மூன்று பைட் பிடிக்கும். நீட்டி முழக்கிப் பெயர் வைத்தால் வால் வெட்டுப்படும்.)

```
கிரியேட் டேபிள் சேர்க்கை (
  துறை டெக்ஸ்ட், பாலினம் டெக்ஸ்ட்,
  முடிவு டெக்ஸ்ட், எண்ணிக்கை இன்டீஜர்
);

இன்சர்ட் இன்ட்டு சேர்க்கை வேல்யூஸ்
('ஏ','ஆண்','சேர்ப்பு',512), ('ஏ','ஆண்','மறுப்பு',313),
('ஏ','பெண்','சேர்ப்பு',89), ('ஏ','பெண்','மறுப்பு',19),
('பி','ஆண்','சேர்ப்பு',353), ('பி','ஆண்','மறுப்பு',207),
('பி','பெண்','சேர்ப்பு',17), ('பி','பெண்','மறுப்பு',8),
('சி','ஆண்','சேர்ப்பு',120), ('சி','ஆண்','மறுப்பு',205),
('சி','பெண்','சேர்ப்பு',202), ('சி','பெண்','மறுப்பு',391),
('டி','ஆண்','சேர்ப்பு',138), ('டி','ஆண்','மறுப்பு',279),
('டி','பெண்','சேர்ப்பு',131), ('டி','பெண்','மறுப்பு',244),
('இ','ஆண்','சேர்ப்பு',53), ('இ','ஆண்','மறுப்பு',138),
('இ','பெண்','சேர்ப்பு',94), ('இ','பெண்','மறுப்பு',299),
('எஃப்','ஆண்','சேர்ப்பு',22), ('எஃப்','ஆண்','மறுப்பு',351),
('எஃப்','பெண்','சேர்ப்பு',24), ('எஃப்','பெண்','மறுப்பு',317);
```

படி 1: ஒரு வரி என்றால் என்ன?

ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? கை தானாக இதைத்தான் தட்டும்:

```
செலக்ட் பாலினம், கவுண்ட்(*)
ஃப்ரம் சேர்க்கை
குரூப் பை பாலினம்;
```

விடை: ஆண் 12, பெண் 12. அப்பட்டமான தப்பு என்று இங்கே உடனே தெரிகிறது. நிஜ வேலையில் இப்படிப் பளிச்சென்று தெரியாது. கவுண்ட்(*) எண்ணுவது வரிகளை, ஆட்களை இல்லை. நம் டேபிளில் ஒரு வரி என்பது ஒரு மனிதர் கிடையாது, 'இந்தத் துறை, இந்தப் பாலினம், இந்த முடிவு' என்ற இணைவுக்கு ஏற்கெனவே கட்டி வைத்த ஒரு கூறு. நமக்கு வேண்டியது எண்ணுவதில்லை, கூட்டுவது:

```
செலக்ட் பாலினம், சம்(எண்ணிக்கை) அஸ் விண்ணப்பம்
ஃப்ரம் சேர்க்கை
குரூப் பை பாலினம்;
```

ஆண் 2691, பெண் 1835. இரண்டையும் கூட்டினால் 4526. இந்த 4526ஐ ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். இனி எந்தக் குவெரி எழுதினாலும், கூறுகளின் மொத்தம் இந்த எண்ணுக்கு வந்து சேர வேண்டும்.

எந்தப் புது டேபிளைத் தொட்டாலும் இரண்டு கேள்விகளை வாய்விட்டே கேட்டுக்கொள்ளலாம். இந்த டேபிளில் ஒரு வரி எதைக் குறிக்கிறது? என் விடையில் ஒரு வரி எதைக் குறிக்க வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் குரூப் பைக்குப் பின்னால் எழுத வேண்டியது. 'பாலினத்துக்கு ஒரு வரி' என்றால் பாலினம். 'துறைக்கு ஒரு வரி' என்றால் துறை. இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் குவெரி எழுத இன்னும் நேரம் வரவில்லை.

படி 2: எந்த வரிசையில் வேலை நடக்கிறது

நாம் எழுதுவது செலக்ட்டில் தொடங்கினாலும் தரவுத்தளம் அந்த வரிசையில் யோசிப்பதில்லை. முதலில் ஃப்ரம்: டேபிளை எடு. பிறகு வேர்: வேண்டாத வரிகளைக் கழி. பிறகு குரூப் பை: மிஞ்சியதைக் கூறு கட்டு. பிறகு ஹேவிங்: வேண்டாத கூறுகளைக் கழி. அதற்குப் பிறகுதான் செலக்ட், கடைசியாக ஆர்டர் பை. உள்ளே வேகத்துக்காக எதை வேண்டுமானாலும் மாற்றிச் செய்துகொள்ளும், ஆனால் விடை இந்த வரிசையில் செய்தது போலத்தான் இருக்கும்.

செலக்ட்டில் 'அஸ்' போட்டு வைத்த செல்லப்பெயர் வேரில் ஏன் செல்லாது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்குப் பதில் இதுதான்: வேர் நடக்கும்போது அந்தப் பெயர் இன்னும் பிறக்கவே இல்லை. இதன்படி குரூப் பையிலும் செல்லக் கூடாது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் மூன்றும் தாராள மனதோடு அனுமதிக்கின்றன. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் அனுமதிப்பதில்லை.

படி 3: விகிதம் எடுப்பது

இடம் கிடைத்தவர்களின் சதவீதம் வேண்டும். ஒரே கூறுக்குள் ஒரு பகுதியை மட்டும் கூட்ட வேண்டும் என்றால் சம்முக்குள் கேஸ் ('இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்னும் நிபந்தனை) வைக்கலாம்:

```
செலக்ட் பாலினம்,
  சம்(எண்ணிக்கை) அஸ் விண்ணப்பம்,
  சம்(கேஸ் வென் முடிவு = 'சேர்ப்பு'
      தென் எண்ணிக்கை எல்ஸ் 0 எண்ட்) அஸ் இடம்,
  ரவுண்ட்(100.0 *
      சம்(கேஸ் வென் முடிவு = 'சேர்ப்பு'
          தென் எண்ணிக்கை எல்ஸ் 0 எண்ட்)
      / சம்(எண்ணிக்கை), 1) அஸ் விகிதம்
ஃப்ரம் சேர்க்கை
குரூப் பை பாலினம்;
```

ஆண்: 2691இல் 1198, அதாவது 44.5. பெண்: 1835இல் 557, அதாவது 30.4.

அந்த 100.0 அலங்காரத்துக்கு இல்லை. போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், எஸ்கியூஎல் சர்வர் மூன்றிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் வரும். 1198ஐ 2691ஆல் வகுத்தால் சுழியம். அதைக் கடைசியில் 100.0ஆல் பெருக்கினாலும் சுழியம்தான். பெருக்கல் முன்னால் வர வேண்டும். மைஎஸ்கியூஎல் தசமத்தோடு தரும், அதில் பழகியவர்கள் போஸ்ட்கிரெஸுக்கு மாறும்போது சரியாக இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

இன்னொன்று: சம்முக்குள் 'எல்ஸ் 0' நல்ல பழக்கம். அதே பழக்கத்தைக் கவுண்ட்டுக்குள் கொண்டுபோனால் வினை. 'கவுண்ட்(கேஸ் வென் முடிவு = 'சேர்ப்பு' தென் 1 எல்ஸ் 0 எண்ட்)' என்று எழுதிப் பாருங்கள், இரண்டு பாலினத்துக்கும் 12 வரும். கவுண்ட் பார்ப்பது மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும். சுழியமும் அதற்கு ஒரு மதிப்புதான். கவுண்ட் என்றால் எல்ஸை விட்டுவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் 9.4 முதலும் எஸ்கியூலைட் 3.30 முதலும் 'சம்(எண்ணிக்கை) ஃபில்டர் (வேர் முடிவு = 'சேர்ப்பு')' என்று எழுதலாம். படிக்க எத்தனையோ தேவலை. மைஎஸ்கியூஎல்காரர்களுக்குக் கேஸ்தான் கதி.

படி 4: இரண்டு நெடுவரிசையில் கூறு கட்டினால்

44.5, 30.4. பதினான்கு புள்ளி இடைவெளி. இந்த இடத்தில் நிறுத்தினால் தலைப்புச் செய்தி தயார். நாம் இன்னொரு நெடுவரிசையைச் சேர்ப்போம். மேலே உள்ள குவெரியில் செலக்ட்டிலும் குரூப் பையிலும் துறையைச் சேர்த்தால் போதும்: 'குரூப் பை துறை, பாலினம்'. இப்போது விடையில் ஒரு வரி என்பது 'ஒரு துறையில் ஒரு பாலினம்'. மொத்தம் 12 வரிகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்:

| துறை | ஆண் விகிதம் | பெண் விகிதம் |
|---|---|---|
| ஏ | 62.1 | 82.4 |
| பி | 63.0 | 68.0 |
| சி | 36.9 | 34.1 |
| டி | 33.1 | 34.9 |
| இ | 27.7 | 23.9 |
| எஃப் | 5.9 | 7.0 |

ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் விகிதம் அதிகம். மற்ற இரண்டிலும் பின்னடைவு நான்கு புள்ளிக்குள். ஆனால் மொத்தமாகக் கூறு கட்டியபோது பெண்கள் பதினான்கு புள்ளி பின்னால் இருந்தார்கள். தரவு மாறவில்லை, ஒரு வரிகூடக் கூடவோ குறையவோ இல்லை. மாறியது குரூப் பைக்குப் பின்னால் ஒரே ஒரு சொல். எட்வர்ட் சிம்ப்சன் 1951இல் இதைப் பற்றி எழுதியதால் இதற்கு சிம்ப்சன் முரண்புதிர் என்று பெயர் வந்தது. இது எப்படி நடக்கிறது என்பதை நம் டேபிளே சொல்லும், அதற்கு வேண்டிய கருவிக்குக் கடைசிப் படியில் வருவோம்.

படி 5: சராசரிகளின் சராசரி

இந்த 12 வரி விடையைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் அடுத்துச் செய்வது: 'ஆறு துறைகளின் பெண் விகிதத்துக்கு ஏவிஜி (சராசரி) போட்டால் மொத்தப் பெண் விகிதம் வந்துவிடுமே.' போட்டுப் பாருங்கள். பெண்களுக்கு 41.7 வரும், ஆண்களுக்கு 38.1. உண்மையான மொத்தம் 30.4, 44.5. சதவீதம் தவறியதோடு யார் முன்னால் என்பதே தலைகீழாகிவிட்டது.

காரணம் எளிது. பி துறையில் விண்ணப்பித்த பெண்கள் 25 பேர். சி துறையில் 593 பேர். ஏவிஜி இரண்டு துறைக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டது. மாதச் சராசரிகளிலிருந்து ஆண்டுச் சராசரி, கிளைச் சராசரிகளிலிருந்து நிறுவனச் சராசரி என்று அலுவலகங்களில் தினமும் நடப்பது இதேதான். கூட்டுத்தொகையைக் கூட்டலாம், எண்ணிக்கையைக் கூட்டலாம், பெரியதில் பெரியது எடுக்கலாம். சராசரியை மட்டும் மறுபடி சராசரி எடுக்கக் கூடாது. இடைநிலை டேபிளில் விகிதத்தைச் சேமிக்காமல் மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் தனித்தனியாகச் சேமியுங்கள். வகுத்தல் கடைசி நிமிடத்தில் நடக்கட்டும்.

படி 6: வேரா, ஹேவிங்கா?

800 பேருக்கு மேல் விண்ணப்பித்த துறைகள் எவை?

```
செலக்ட் துறை, சம்(எண்ணிக்கை) அஸ் விண்ணப்பம்
ஃப்ரம் சேர்க்கை
குரூப் பை துறை
ஹேவிங் சம்(எண்ணிக்கை) > 800;
```

ஏ 933, சி 918. இதையே 'வேர் எண்ணிக்கை > 800' என்று எழுதினால் ஒரு வரிகூட வராது, ஏனென்றால் டேபிளில் இருக்கும் மிகப் பெரிய எண்ணே 512தான். வேர் பழத்தைப் பார்க்கும், ஹேவிங் கூறைப் பார்க்கும்.

பழத்தைப் பார்த்தே கழிக்க முடிந்ததை வேரிலேயே கழியுங்கள். பெண்கள் மட்டும் வேண்டும் என்றால் கூறு கட்டும் முன்பே மற்றதை ஒதுக்குவது நல்லது. வேலையும் குறையும், படிப்பவருக்கும் புரியும். ஹேவிங்குக்குள் சம், கவுண்ட் போன்ற எந்தத் திரட்டுக் கணக்கும் வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பெண் விகிதம் ஆண் விகிதத்தைவிட அதிகமுள்ள துறைகளை மட்டும் கேட்க, நான்கு கேஸ்களை ஹேவிங்கில் வைத்து ஒரே குவெரியில் முடிக்கலாம். ஏ, பி, டி, எஃப் வர வேண்டும். பார்க்க அழகாக இருக்காது.

படி 7: கூறு கட்டாத நெடுவரிசையைக் கேட்டால்

'செலக்ட் துறை, பாலினம், சம்(எண்ணிக்கை) ... குரூப் பை துறை' என்று எழுதினால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். சரிதான். ஏ துறைக் கூறில் நான்கு வரிகள் இருக்கின்றன, இரண்டு ஆண், இரண்டு பெண். எந்தப் பாலினத்தைக் காட்டுவது? கூறைக் காட்டி 'இந்தத் தக்காளியின் எடை என்ன' என்று கேட்டால் கடைக்காரர் எந்தத் தக்காளி என்றுதானே திருப்பிக் கேட்பார்.

மைஎஸ்கியூஎல் நெடுங்காலம் திருப்பிக் கேட்காமல் ஏதோ ஒன்றை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. 5.7 பதிப்பிலிருந்து 'ஒன்லி ஃபுல் குரூப் பை' என்ற கட்டுப்பாடு தானாகவே இயங்குகிறது. பழைய மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றும்போது இந்தப் பிழை வந்தால், இணையத்தில் முதலில் கிடைக்கும் அறிவுரை அந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள் என்பதாக இருக்கும். அணைக்காதீர்கள். வலிக்கிறது என்பதற்காக வலியைச் சொல்லும் நரம்பை வெட்டுவது போன்றது அது.

எஸ்கியூலைட் இன்றும் ஏதோ ஒன்றைத்தான் தரும். ஆனால் ஒரு சலுகை உண்டு: குவெரியில் மேக்ஸ் (மிகப் பெரியது) அல்லது மின் (மிகச் சிறியது) ஒன்று மட்டும் இருந்தால், மற்ற நெடுவரிசைகளை அந்த மதிப்பு இருக்கும் வரியிலிருந்தே எடுக்கும். 'துறைவாரியாக மிகப் பெரிய எண்ணிக்கை எது, அது யாருடையது' என்ற கேள்விக்கு எஸ்கியூலைட்டில் மேக்ஸோடு பாலினம், முடிவு இரண்டையும் எழுதிவிட்டால் ஏ துறைக்கு ஆண், சேர்ப்பு, 512 என்றும், சி துறைக்குப் பெண், மறுப்பு, 391 என்றும் சரியாக வரும். மற்ற தரவுத்தளங்களில் 'ரோ நம்பர்' சார்பை 'பார்ட்டிஷன் பை துறை ஆர்டர் பை எண்ணிக்கை டெஸ்க்' என்று ஓட்டி, 1 என்ற எண் விழுந்த வரியை எடுக்க வேண்டும். இதை எங்கே கொண்டுபோனாலும் ஓடும் என்பதால் நான் எஸ்கியூலைட்டிலும் இதைத்தான் எழுதுவேன்.

படி 8: நல் என்னும் மௌனம்

நல் என்றால் மதிப்பே பதியாத வெற்றிடம். ஒரு சோதனை. திருப்பி மாற்றிக்கொள்ள வசதியாக முதலில் 'பிகின்' போட்டுவிட்டு:

```
அப்டேட் சேர்க்கை செட் எண்ணிக்கை = நல்
வேர் துறை = 'பி' அண்ட் பாலினம் = 'பெண்'
  அண்ட் முடிவு = 'மறுப்பு';
```

எட்டுப் பேர் மறுக்கப்பட்ட தகவல் தொலைந்துவிட்டது, அவ்வளவுதான். இப்போது படி 4 குவெரியை ஓட்டுங்கள். பி துறையில் பெண்களின் விகிதம் 68லிருந்து 100 ஆகிவிட்டது. சம் நல்லைக் கண்டால் ஓசையில்லாமல் தாண்டிப் போகும். மேலேயும் 17, கீழேயும் 17. எச்சரிக்கை ஏதும் கிடையாது.

கண்டுபிடிக்க வழி, கவுண்ட்(*), கவுண்ட்(எண்ணிக்கை) இரண்டையும் பக்கத்தில் போடுவது. முதலாவது எல்லா வரிகளையும் எண்ணும், இரண்டாவது நல் இல்லாதவற்றை மட்டும். பி துறைக்கு 4, 3 என்று வந்தால் எங்கோ ஓட்டை. நல் இருக்கும் இடத்தில் 0 வைக்கும் 'கோவலெஸ்(எண்ணிக்கை, 0)' போட்டு மூடிவிடலாமே என்று தோன்றும். தெரியாததைச் சுழியம் என்று சொல்வது பல இடங்களில் பொய்க்கணக்கு. இங்கே அப்படிச் செய்தாலும் 100தான் வரும். ஏவிஜியும் நல்லை ஒதுக்கிவிட்டு மிஞ்சியவற்றின் எண்ணிக்கையால்தான் வகுக்கும். பார்த்து முடித்ததும் 'ரோல்பேக்' போட மறக்காதீர்கள்.

குரூப் பை செய்யும் நெடுவரிசையிலேயே நல் இருந்தால் அவை அனைத்தும் சேர்ந்து ஒரே கூறாக விழும். வேரில் நல்லும் நல்லும் சமமில்லை என்று அடம்பிடிக்கும் அதே மொழி, இங்கே மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு குணம்: இல்லாத துறையைக் கேட்டுப் பாருங்கள், 'வேர் துறை = 'ஜி''. குரூப் பை இல்லாமல் கேட்டால் ஒரு வரி வரும், அதில் கவுண்ட் சுழியம், சம் நல். குரூப் பை துறை என்று சேர்த்தால் வரியே வராது. கட்டுவதற்குப் பழமே இல்லாதபோது கூறு எங்கிருந்து வரும்? விற்பனையே இல்லாத நாள் அறிக்கையில் காணாமல் போவது இதனால்தான். தேதிகளின் முழுப் பட்டியலை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க வரிகள் ஒன்றும் விடுபடாமல் இரண்டு டேபிள்களை இணைப்பது) செய்தால்தான் அந்த நாள் சுழியத்தோடு வரும்.

படி 9: ஜாயின் செய்து கூட்டினால் ஊதிப் போகும்

என் அனுபவத்தில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். துறை அலுவலர்களுக்கு ஒரு டேபிள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'அலுவலர் (துறை, பதவி)'. எல்லாத் துறைக்கும் ஒருவர், ஏ துறைக்கு மட்டும் இருவர். சேர்க்கையோடு ஜாயின் செய்து மொத்தம் கூட்டுங்கள். 4526க்குப் பதில் 5459. ஏ துறையின் ஒவ்வொரு வரியும் இரண்டாகிவிட்டது, 933 பேர் இரண்டு முறை எண்ணப்பட்டார்கள். துண்டுத்தாளில் எழுதி வைத்த எண் இப்போது கை கொடுக்கிறதா?

அவசரத்துக்குக் கை போகும் இடம் 'சம்(டிஸ்டிங்க்ட் எண்ணிக்கை)'. அதையும் ஓட்டிப் பாருங்கள்: 4388. ஊதியது அடங்கிவிட்டது, ஆனால் 138 பேரைக் காணோம். டி துறையில் இடம் கிடைத்த ஆண்கள் 138, இ துறையில் மறுக்கப்பட்ட ஆண்களும் 138. இரண்டும் ஒரே எண் என்பதால் டிஸ்டிங்க்ட் ஒன்றை விழுங்கிவிட்டது. முதல் தவறு பெரியது என்பதால் யாராவது கவனிப்பார்கள். இந்த இரண்டாவது தவறு நம்பும்படியான எண்ணைத் தருகிறது, அதுதான் ஆபத்து.

சரியான வழி, முதலில் கூறு கட்டு, பிறகு ஜாயின் செய்:

```
வித் தொகை அஸ் (
  செலக்ட் துறை, சம்(எண்ணிக்கை) அஸ் விண்ணப்பம்
  ஃப்ரம் சேர்க்கை
  குரூப் பை துறை
)
செலக்ட் அ.துறை, அ.பதவி, தொகை.விண்ணப்பம்
ஃப்ரம் அலுவலர் அ
ஜாயின் தொகை ஆன் தொகை.துறை = அ.துறை;
```

இங்கேயும் ஏ துறை இரண்டு வரியாகத்தான் வரும். ஆனால் விடையில் ஒரு வரி என்பது இப்போது ஓர் அலுவலர். 933 என்பது அவருடைய துறையின் தொகை. அந்த நெடுவரிசையை மறுபடி யாரும் கூட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

படி 10: கூட்டுத்தொகை வரிகள்

அறிக்கையில் துறைவாரி உபமொத்தமும் கடைசியில் பெருமொத்தமும் கேட்பார்கள். 1999ஆம் ஆண்டு எஸ்கியூஎல் தரநிலையில் வந்த ரோல்அப் இதற்குத்தான். 'குரூப் பை ரோல்அப்(துறை, பாலினம்)' என்றால் 12 சாதாரண வரிகள், 6 துறை மொத்தங்கள், 1 பெருமொத்தம், ஆக 19 வரிகள். ரோல்அப்புக்குப் பதில் கியூப் போட்டால் பாலின மொத்தங்கள் இரண்டும் சேர்ந்து 21. மைஎஸ்கியூஎல்லில் 'குரூப் பை துறை, பாலினம் வித் ரோல்அப்' என்று கடைசியில் எழுதுவது வழக்கம், கியூப் கிடையாது. எஸ்கியூலைட்டில் இரண்டுமே இல்லை, யூனியன் ஆல் போட்டு ஒட்ட வேண்டியதுதான்.

படி 3இன் விகிதக் கணக்கை ரோல்அப்போடு ஓட்டினால் பெருமொத்த வரியில் 38.8 வரும். அதாவது 4526இல் 1755. ரோல்அப் அந்த வரியையும் அடியிலிருக்கும் எண்களிலிருந்தே கணக்கிடுகிறது, மேலே உள்ள விகிதங்களைச் சராசரி எடுப்பதில்லை. எக்ஸலில் ஒட்டிய பிறகு கையால் மொத்தம் போடுவதைவிட இது நம்பகமானது.

துறை மொத்த வரிகளில் பாலினம் இருந்த இடத்திலும், பெருமொத்த வரியில் துறை, பாலினம் இரண்டும் இருந்த இடத்திலும் நல் நிற்கும். தரவிலேயே நல் இருந்தால் எது மொத்தம், எது விடுபட்ட துறை என்று தெரியாது. 'குரூப்பிங்(துறை)' என்று கேட்டால் பெருமொத்த வரிக்கு 1, மற்றதற்கு 0 தரும். துறை மொத்தங்களை அடையாளம் காண 'குரூப்பிங்(பாலினம்)' கேட்க வேண்டும்.

வேகம் பற்றிச் சுருக்கமாக

தரவுத்தளம் கூறு கட்ட இரண்டு வழிகள். ஒன்று, வரிகளை வரிசைப்படுத்தி, பெயர் மாறும் இடத்தில் வெட்டுவது. இன்னொன்று, கூறுக்கு ஒரு டப்பா வைத்து ஒவ்வொரு வரியையும் அதற்குரிய டப்பாவில் போடுவது. போஸ்ட்கிரெஸில் குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டால் முதலாவது குரூப்அக்ரிகேட் என்றும் இரண்டாவது ஹாஷ்அக்ரிகேட் என்றும் தெரியும். டப்பாக்கள் நினைவகத்தில் கொள்ளாவிட்டால் 13ஆம் பதிப்பிலிருந்து வட்டில் எழுதிச் சமாளிக்கும். இந்த நினைவகத்துக்கு வரம்பு வைக்கும் 'வொர்க் மெம்' அமைப்பின் இயல்பு அளவு 4 எம்பிதான் என்பதால் பெரிய அறிக்கைகளுக்கு அதைக் கூட்டிப் பார்ப்பது பலன் தரும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். வரிசைப்படுத்தும் வழியில் போனால் விடை தற்செயலாக வரிசையாக வரும், டப்பா வழியில் போனால் வராது. மைஎஸ்கியூஎல் முன்பு குரூப் பை போட்டாலே வரிசைப்படுத்தித் தந்தது, 8.0இல் அதை விட்டுவிட்டது. வரிசை வேண்டும் என்றால் ஆர்டர் பை எழுதுங்கள்.

கடைசிப் படி: கூறுக்குள் பங்கு எவ்வளவு?

இப்போது பாக்கி வைத்த கேள்வி. துறைதோறும் ஏறத்தாழச் சமமாகவோ முன்னாலோ இருந்த பெண்கள் மொத்தத்தில் எப்படிப் பின்தங்கினார்கள்? யார் எந்தத் துறைக்கு விண்ணப்பித்தார்கள் என்று பார்க்க வேண்டும். பெண் விண்ணப்பங்களில் ஏ துறையின் பங்கு எத்தனை சதவீதம் என்றால், ஒரே வரியில் கூறின் தொகையும் வேண்டும், அதைவிடப் பெரிய கூறின் தொகையும் வேண்டும். 2003ஆம் ஆண்டுத் தரநிலையில் முறைப்படி சேர்ந்த விண்டோ சார்புகள் இதற்கு:

```
செலக்ட் பாலினம், துறை,
  சம்(எண்ணிக்கை) அஸ் விண்ணப்பம்,
  ரவுண்ட்(100.0 * சம்(எண்ணிக்கை)
    / சம்(சம்(எண்ணிக்கை))
      ஓவர் (பார்ட்டிஷன் பை பாலினம்), 1) அஸ் பங்கு
ஃப்ரம் சேர்க்கை
குரூப் பை பாலினம், துறை
ஆர்டர் பை பாலினம், துறை;
```

'சம்(சம்(...))' என்பது எழுத்துப்பிழை இல்லை. உள்ளே இருக்கும் சம் கூறு கட்டுகிறது. வெளியே இருக்கும் சம், கட்டி முடித்த கூறுகளின் மேல், வரிகளைச் சுருக்காமல் கூட்டுகிறது. விண்டோ சார்புகள் ஹேவிங்குக்கும் பின்னால்தான் வேலை செய்யும், அதனால்தான் இது சாத்தியம்.

| துறை | ஆண் விண்ணப்பங்களில் பங்கு | பெண் விண்ணப்பங்களில் பங்கு |
|---|---|---|
| ஏ | 30.7 | 5.9 |
| பி | 20.8 | 1.4 |
| சி | 12.1 | 32.3 |
| டி | 15.5 | 20.4 |
| இ | 7.1 | 21.4 |
| எஃப் | 13.9 | 18.6 |

ஏ, பி இரண்டிலும் மூன்றில் இருவருக்கு நெருக்கமாக இடம் கிடைக்கிறது. ஆண்களில் 51.5 சதவீதத்தினர் அங்கேதான் விண்ணப்பித்தார்கள். பெண்களில் 133 பேர், 7.2 சதவீதம். (பங்குகளைக் கூட்டி 7.3 என்று சொல்லாதீர்கள். வட்டமாக்கிய எண்களைக் கூட்டுவதும் படி 5இன் சொந்தக்காரத் தப்புதான்.) மீதிப் பெண்கள் எல்லோரும் இடம் கிடைப்பது அரிதான நான்கு துறைகளின் வாசலில் நின்றார்கள். 1975 கட்டுரையும் ஏறத்தாழ இங்கேதான் வந்து நின்றது: சேர்க்கைக் குழுக்களைவிட, பெண்களை நெரிசலான படிப்புகளின் பக்கம் திருப்பிவிடும் முந்தைய வளர்ப்பையும் கல்வியையும் அது சுட்டியது. அதற்கான நெடுவரிசை நம் டேபிளில் இல்லை.

கைப்பழக்கத்துக்கு ஒரு கணக்கு. ஆண்கள் விண்ணப்பித்த அதே பரவலில் பெண்கள் விண்ணப்பித்து, துறைவாரிப் பெண் விகிதங்கள் அப்படியே இருந்திருந்தால் மொத்தம் எவ்வளவு வந்திருக்கும்? ஒரு துணைக்குவெரியில் துறைவாரிப் பெண் விகிதம், இன்னொன்றில் துறைவாரி ஆண் விண்ணப்பம், இரண்டையும் துறையில் ஜாயின் செய்து, பெருக்கி, கூட்டி, 2691ஆல் வகுக்க வேண்டும். 51.6 வந்தால் சரி. 30.4 வந்தால் பெண்களின் எண்ணிக்கையையே எடையாகப் போட்டிருக்கிறீர்கள். 41.7 வந்தால் படி 5க்குப் போய்விட்டு வாருங்கள்.